லாரியிலும் பிக்கப்பிலும் வயர் இல்லாமல் போனை ஸ்கிரீனோடு இணைப்பது எப்படி

எவ்வளவு பெரிய ஸ்கிரீன், என்ன பிராண்டு என்றெல்லாம் தேட ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்துவிடுங்கள். பிக்கப், சின்ன லோடு வண்டி என்றால் பெரும்பாலும் காரைப் போல 12 வோல்ட்தான். கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். ஐபோனின் மேப்பையும் பாட்டையும் போன் அழைப்பையும் வண்டி ஸ்கிரீனில் காட்டுவது கார்ப்ளே, ஆண்ட்ராய்டு போனுக்கு அதே வேலையைச் செய்வது ஆண்ட்ராய்டு ஆட்டோ. இவற்றைப் பற்றி எழுதுகிற எல்லோரும் காரை மனதில் வைத்தே எழுதுகிறார்கள், அதை அப்படியே லாரியில் செய்தால் புது செட்டு, அதாவது டேஷ்போர்டில் மாட்டுகிற ஸ்கிரீனோடு கூடிய ரேடியோ, சாவி போட்ட நிமிடத்திலேயே புகைந்துவிடலாம். அதனால் இங்கே ஸ்கிரீனைவிட கரண்ட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

அடுத்தது, வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்பது. நல்ல டேட்டா கேபிள் ஒன்றை எடுத்து செட்டின் யூஎஸ்பியில் போனைச் சொருகிப் பாருங்கள். கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ ஸ்கிரீனில் வந்தால் நீங்கள் டேஷ்போர்டைப் பிரிக்கவே வேண்டாம், ஒரு வயர்லெஸ் அடாப்டர் போதும். வரவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம், வேறு போர்ட்டிலும் சொருகிப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டு மூன்று யூஎஸ்பி இருக்கும், அதில் ஒன்றுதான் டேட்டா, மற்றதெல்லாம் சார்ஜுக்கு மட்டும்.

அடாப்டர் போதும் என்றால்

தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டிதான். செட்டிடம் "நான்தான் வயரில் வந்த போன்" என்று சொல்லிக்கொள்ளும். அந்தப் பக்கம் உங்கள் போனோடு முதலில் ப்ளூடூத்தில் பேசி, பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறிக்கொள்ளும். மேப்பும் பாட்டும் போவது வைஃபையில், ப்ளூடூத் பெரும்பாலும் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி. அதனால்தான் போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் என்றால் பதிப்பு 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. கூகுள், சாம்சங் போன்கள் சிலவற்றில் 10-லேயே வேலை செய்யும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, அது எதற்கான அடாப்டர் என்பது. சிலது ஐபோனுக்கு மட்டும், சிலது ஆண்ட்ராய்டுக்கு மட்டும், சிலது இரண்டுக்கும். வண்டியை இரண்டு டிரைவர்கள் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள், ஒருவரிடம் ஐபோன் இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டு என்றால் இரண்டுக்கும் ஆனதையே வாங்குங்கள். அப்டேட் வருகிற பிராண்டாக இருப்பதும் முக்கியம், போனில் புதுப் பதிப்பு வந்ததும் நின்றுபோகிற அடாப்டர்கள் உண்டு.

ஒரு தொல்லை மட்டும் வரலாம். சாவியை எடுத்த பிறகும் யூஎஸ்பியில் கரண்ட் வருகிற வண்டிகள் இருக்கின்றன. நீங்கள் இறங்கி வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று போன் பேசினால் சத்தம் கேபினுக்குள் கேட்கும், ஏனென்றால் போன் இன்னும் அடாப்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்விட்ச் வைத்த சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒன்றை நடுவில் போட்டால் தீர்ந்தது. அடாப்டரை இரும்புப் பெட்டிக்குள்ளோ வெயில் நேராக விழுகிற இடத்திலோ வைக்காதீர்கள், சூடானால் முதலில் வைஃபைதான் அறுந்து அறுந்து வரும்.

டேஷ்போர்டைத் தொட முடியாத வண்டி

கம்பெனி வண்டி, வாடகை வண்டி என்றால் தனியாக நிற்கிற 7 அங்குல, 9 அங்குல ஸ்கிரீன்கள் கிடைக்கின்றன. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் போதும். 24 வோல்ட் வண்டியில் அதன் பிளக்கில் 12-24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே சொருகுங்கள். சத்தத்துக்கு ஆக்ஸ் கேபிள், அதாவது ஸ்கிரீனிலிருந்து வண்டி ரேடியோவுக்கு நேராகப் போகிற ஆடியோ வயர், போட முடிந்தால் அதையே போடுங்கள், சத்தத்தை ரேடியோ அலையாக அனுப்புகிற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் நீண்ட தூர ஓட்டத்தில் ஊருக்கு ஊர் ஸ்டேஷனோடு மோதும். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கப் லாரி அதிர்வுக்கும் வெயிலுக்கும் தாங்காது, வண்டி உரிமையாளர் சம்மதித்தால் டேஷ்போர்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிற ஸ்டாண்டு நல்லது. எங்கே வைத்தாலும் ரோட்டையும் சைடு மிரரையும் மறைக்கக் கூடாது, ஏர்பேக் விரிகிற பாதையில் இருக்கக் கூடாது.

செட்டையே மாற்றுவது

பழைய செட்டைக் கழற்றி புது ஹெட் யூனிட் போடுவதுதான் முழு வேலை. அளவு இரண்டு வகை. சிங்கிள் டின் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் அதே அகலம், உயரம் 100. கனரக லாரிகளில் சிங்கிள் டின் குழிதான் அதிகம். அதற்கென்று உடம்பு சிங்கிள் டின் அளவிலும் ஸ்கிரீன் வெளியே மிதந்தபடியும் இருக்கிற மாடல்கள் வருகின்றன. பார்க்க அழகுதான், ஆனால் காரில் அசையாமல் நிற்கிற அந்த ஸ்கிரீன் லாரியில் தொடர்ந்து ஆடும், கொஞ்ச நாளில் பின்னால் இருக்கிற ரிப்பன் கேபிளோ மவுண்டோ தளரும். பின்பக்க போல்ட்டில் ஒரு இரும்புப் பட்டை கொடுத்து டேஷ்போர்டு சட்டத்தோடு இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். குழியின் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள், பின்னால் வயரும் பிளக்கும் மடங்க இடம் வேண்டும்.

பெட்டியில் "போன் லிங்க்", "மிரரிங்" என்று எழுதியிருப்பதை கார்ப்ளே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அது போன் திரையை அப்படியே காட்டுவது, வேறு விஷயம். "வயர்லெஸ் கார்ப்ளே", "வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்று வயர்லெஸ், இன்னொன்று வயரில் மட்டும் என்கிற மாடல்களும் உண்டு.

இப்போது கரண்ட்டுக்கு வருவோம். பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு பழைய செட்டை வெளியே எடுங்கள், பிறகு பிளக் எங்கும் உரசாமல் பார்த்துக்கொண்டு டெர்மினலைத் திரும்ப மாட்டி, மல்டிமீட்டரை அந்தப் பிளக்கில் வையுங்கள். எப்போதும் கரண்ட் வருகிற வயரில் இன்ஜின் நின்றிருக்கும்போது 25-க்கு அருகிலும், ஓடும்போது 28-க்கு அருகிலும் காட்டினால் அது 24 வோல்ட் வண்டி. 12-ம் 14-ம் காட்டினால் நேரடியாக மாட்டலாம். பெரிய லாரியிலேயே செட்டுக்கு மட்டும் 12 வோல்ட் வருவதும் உண்டு, கம்பெனியே உள்ளே ஒரு கன்வர்ட்டர் வைத்திருக்கும். அப்படியானால் அந்தக் கன்வர்ட்டர் எத்தனை ஆம்ப் தாங்கும் என்று பாருங்கள், பழைய சின்ன ரேடியோவுக்குக் கொடுத்தது பெரிய ஸ்கிரீனுக்குப் போதாமல் போகலாம்.

24 வோல்ட் என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் கண்டிப்பாக ஒரு குறுக்கு வழி சொல்வார்: "இரண்டு பேட்டரி சீரிஸில்தானே இருக்கிறது, ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடலாம்." தயவுசெய்து செய்யாதீர்கள். செட்டு உடனே நன்றாகத்தான் பாடும், அதனால்தான் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிகளுக்கும் ஒரே கரண்ட்டைத்தான் அனுப்புகிறது. ஒன்றிலிருந்து மட்டும் தினமும் கூடுதலாக எடுத்தால் அது எப்போதும் அரைகுறையாகவே நிற்கும், பக்கத்துப் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜாகி காய்ந்து போகும். கடைசியில் ஜோடியாக மாற்ற வேண்டியதுதான்.

சரியான வழி 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர், அதுவும் ஸ்விட்ச் மோட் வகை. பழைய லீனியர் வகை மிச்ச வோல்ட்டை முழுவதும் சூடாக மாற்றித்தான் கழிக்கும். 28 வோல்ட்டை 14-ஆக்கி 10 ஆம்ப் எடுத்தால் 140 வாட் வெறும் சூடாகவே போகிறது, டேஷ்போர்டுக்குள் அவ்வளவு சூட்டை வைக்க முடியாது. செட்டின் பின்னால் இருக்கிற ஃபியூஸ் 10 ஆம்ப் என்றால் தொடர்ச்சியாக 10 ஆம்ப் கொடுக்கிற கன்வர்ட்டராக எடுங்கள். லேபிளில் பெரிதாக எழுதியிருப்பது சில நொடிகளுக்குத் தாங்கும் அளவாக இருக்கலாம், தொடர்ச்சியான அளவு எது என்று கேட்டு வாங்குங்கள். 24 வோல்ட் பக்கம், வயர் எடுக்கிற இடத்துக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். கன்வர்ட்டரை உலோகச் சட்டத்தோடு, காற்று படுகிற இடத்தில் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள், மேட்டுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள்.

இனி வருவதுதான் பலர் செட்டை எரிக்கிற இடம். செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வேண்டுவது, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். மஞ்சளைக் கன்வர்ட்டரில் கொடுத்துவிட்டு, சிவப்பை வண்டியின் சாவி லைனில் நேராகச் சேர்த்துவிடுவார்கள். அந்த லைனிலும் 24 வோல்ட்தான் வருகிறது! இரண்டு அவுட்புட் உள்ள கன்வர்ட்டர் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் 24 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலே (ஒரு லைனில் கரண்ட் வந்தால் இன்னொரு லைனை ஆன் செய்கிற ஸ்விட்ச்) வாங்கி, சாவி லைனால் ரிலேயை இழுக்க வைத்து, கன்வர்ட்டரின் 12 வோல்ட்டை ரிலே வழியாகச் சிவப்புக்குக் கொடுங்கள். ஆரஞ்சு வயர், அதாவது லைட் போட்டால் ஸ்கிரீன் மங்குவதற்கானது, ரிவர்ஸ் கேமரா சிக்னல் வயர், இவை இரண்டும் இதே கதைதான். ஆரஞ்சை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ரிவர்ஸ் சிக்னல் வேண்டும் என்றால் அதற்கும் ரிலேதான். கேமராவும் 12-24 வோல்ட் தாங்குமா என்று பாருங்கள்.

வண்டியின் ஒரிஜினல் பிளக்கை வெட்டாதீர்கள். அதற்கேற்ற அடாப்டர் வயரிங் கிட் வாங்கி நடுவில் போடுங்கள், நாளைக்குப் பழைய செட்டைத் திரும்ப மாட்ட வசதி. மாட்டிய பிறகு ஒவ்வொரு முறையும் நேரம், ஸ்டேஷன், ஜோடி சேர்த்த போன் எல்லாம் மறந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன, மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

ஸ்பீக்கருக்கு வெள்ளை, சாம்பல் நிற ஜோடிகள் முன்பக்க இடதும் வலதும், பச்சை, ஊதா பின்பக்கம். கறுப்புக் கோடு போட்டது நெகடிவ். பழைய வண்டிகளில் ஸ்பீக்கரின் நெகடிவ் பாடியில் எர்த் ஆகியிருக்கும், புது செட்டில் அப்படி விட்டால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாக இழுத்தே ஆக வேண்டும்.

லாரிக்கென்று நான் ரொம்ப வற்புறுத்துவது மைக். ஸ்கிரீனிலேயே இருக்கிற மைக் காரில் ஓரளவு போதும், இன்ஜின் சத்தம் நிறைந்த கேபினில் எதிர்முனைக்கு ஒன்றும் புரியாது. வெளி மைக் சொருகுகிற இடம் உள்ள செட்டாக வாங்கி, மைக்கை டிரைவருக்கு முன்னால் மேலே, சன்வைசர் பக்கம் வையுங்கள். ஏசி காற்று அடிக்கிற இடமும் ஜன்னல் ஓரமும் வேண்டாம். ஜிபிஎஸ் ஆண்டெனா கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் மேல். சில செட்டுகளில் வைஃபைக்கென்று விரல் நீளத்தில் தனி ஆண்டெனா பெட்டிக்குள் கிடக்கும், அதைத் திருகாமலேயே மூடிவிடுவார்கள், அப்புறம் இணைப்பு நிற்கவில்லை என்று போனைத் திட்டுவார்கள். திருகி, இரும்பில் படாமல் பிளாஸ்டிக் பக்கம் திருப்பி வையுங்கள்.

டேஷ்போர்டை மூடும் முன் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்: நான்கு ஸ்பீக்கர், ரேடியோ, ரிவர்ஸ், ஒரு போன் கால், சாவி எடுத்ததும் செட்டு அணைகிறதா என்பது. இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஒரு விசில் சத்தம் கேட்டால் எர்த்தைப் பாருங்கள், பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகத்தில், செட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் ஒரே இடத்தில் கொடுங்கள்.

போனைச் சேர்ப்பது

ஐபோனில் சிரி ஆன் ஆகியிருக்க வேண்டும், அது இல்லாமல் கார்ப்ளே வராது. வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் ஆன் செய்து, செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் கார்ப்ளே போய் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் ஜோடி சேர்த்தாலே ஆண்ட்ராய்டு ஆட்டோ அனுமதி கேட்டு வரும், கேட்கிற எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுங்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.

அடிக்கடி அறுந்தால் நான் பார்க்கிற வரிசை இது. போனில் விபிஎன் ஓடுகிறதா? பேட்டரி சேவர் ஆண்ட்ராய்டு ஆட்டோவை அமுக்குகிறதா? போன் டேஷ்கேமின் வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டதா? லாரிகளில் இது அடிக்கடி நடக்கும், டேஷ்கேம் வைஃபையை "தானாக இணை" என்பதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டே வயர்லெஸ் ஆட்டோ ஓட்டுவதும் பல போன்களில் ஒத்துவராது. எதுவும் இல்லை என்றால் போனிலும் செட்டிலும் இரண்டு பக்கமும் பழைய ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள், ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பயனில்லை.

வயர் இல்லை என்பதால் சார்ஜ் வேண்டாம் என்று ஆகாது. வைஃபை, ஜிபிஎஸ், மொபைல் டேட்டா மூன்றும் சேர்ந்து ஓடினால் நீண்ட ஓட்டத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். வயர்லெஸ் சார்ஜிங் பேட் போனை இன்னும் சூடாக்கும், வெயில் நேரத்தில் சாதாரண கேபிள் சார்ஜே மேல்.

ஸ்கிரீனில் மேப் வந்துவிட்டது என்பதற்காக அது சொல்கிற எல்லா ரோட்டிலும் லாரியை விடாதீர்கள். கூகுள் மேப்ஸுக்கு உங்கள் வண்டியின் உயரமும் எடையும் தெரியாது, தாழ்வான பாலத்துக்கு அடியில் நேராகக் கொண்டு போய் நிறுத்தும். உயரம், எடை, ஆக்ஸில் எண்ணிக்கை கொடுத்து வழி கேட்கிற லாரி நேவிகேஷன் ஆப்கள் தனியாக இருக்கின்றன. நீங்கள் எடுக்கிற ஆப் கார்ப்ளேவிலோ ஆண்ட்ராய்டு ஆட்டோவிலோ வருமா என்று பணம் கட்டும் முன் பாருங்கள், சிக்னல் இல்லாத நெடுஞ்சாலைக்கு மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வண்டியில் எப்போதும் ஒரு நல்ல டேட்டா கேபிள் கிடக்கட்டும். போன் அப்டேட்டுக்குப் பிறகு வயர்லெஸ் ஒரு நாள் மக்கர் செய்தால் அதே செட்டில் வயரைச் சொருகி ஓட்டிவிடலாம்.