அஃபேசியா வந்தவரிடம் வீட்டார் செய்யும் தவறுகள்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், சீப்பு வேண்டும் என்பதற்குப் பதில் "சாவி" என்கிறார். சாவியை எடுத்துக் கொடுத்தால் எரிச்சலோடு தள்ளிவிடுகிறார். "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். தனக்கு வேண்டியது எது என்று தெரிந்ததால்தானே சாவியைத் தள்ளினார்? பெயர்தான் மாறி வந்தது.

மூளை பாதிப்பால் மொழி இப்படித் தடுமாறுவதுதான் அஃபேசியா. மொழியைக் கையாளும் மூளைப்பகுதி பெரும்பாலோருக்கு இடது பக்கம் இருக்கிறது. அங்கே பாதிப்பு ஏற்பட்டால் இது வரும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது; தலைக்காயம், மூளைக்கட்டியாலும் வரலாம்.

காது நன்றாகக் கேட்கும், கத்த வேண்டாம். குழந்தையிடம் கொஞ்சுவது போலவும் பேச வேண்டாம். பேச்சு வராவிட்டால் எழுதிக் காட்டட்டும் என்று பேனாவை நீட்டுவதும் பெரும்பாலும் பலிக்காது. பேச்சோடு எழுத்தும் படிப்பும் சேர்ந்தே பாதிக்கப்படுவது வழக்கம். படம், சைகை, பொருளையே தொட்டுக் காட்டுவது, இவை கைகொடுக்கும்.

வீட்டார் அதிகம் ஏமாறுவது "ஆமாம்", "இல்லை"யில். "சன்னலைத் திறக்கட்டுமா?" என்றால் வாய் "ஆமாம்" என்கிறது, தலை வேண்டாம் என்று ஆடுகிறது. "அப்போ மூடியே இருக்கட்டுமா?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். சன்னல் என்றால் பரவாயில்லை. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போது ஒற்றை "ஆமாம்" போதாது.

இன்னொன்று மனதை ரொம்பவே நோகடிப்பது. பேச்சு வராதவர் திடீரென்று ஒரு பாட்டைப் பாடுவார், ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார், கோபத்தில் சுத்தமாகத் திட்டுவார். "திட்ட மட்டும் வருதா? நடிக்கிறார்" என்பார்கள். நடிப்பே கிடையாது. பழகிப்போய்த் தானாக வரும் சொற்கள் பல நேரம் பாதிப்பிலிருந்து தப்பிவிடும். புதிதாக யோசித்துச் சொல்ல வேண்டியதுதான் சிக்கிக்கொண்டு வராமல் நிற்கும். 1861இல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளியால் "டான்" என்ற ஒலியை மட்டுமே சொல்ல முடிந்தது. ஆனால் கோபம் வந்தால் முழு வசவு ஒன்று வாயிலிருந்து விழுந்ததாகப் புரோகாவே எழுதி வைத்திருக்கிறார்.

சொல்லைத் தேடித் திணறுபவருக்கு நாமே முந்திக்கொண்டு சொல்லிக் கொடுப்பதும் உதவி மாதிரிதான் தெரியும். மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள், அப்புறம் "நான் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். புரியாவிட்டால் புரிந்தது போலத் தலையாட்டாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் முன்னேற்றம் வராது என்று பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. முதல் சில மாதங்களில் வேகம் அதிகம், உண்மை. ஆனால் வருடங்கள் கழித்தும் சொற்கள் திரும்பிய ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, நன்றாக இருந்தவருக்கே திடீரென்று பேச்சு குழறினால்? அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. சில நிமிடங்களில் தெளிந்துவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று அங்கே கேட்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.