636001-ஐக் காரணிப்படுத்துவது எப்படி? சாதா கால்குலேட்டரே போதும்

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும், ஆனால் இல்லை. 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் போனால் 118-ஆவது பகா எண்ணில்தான் விடை சிக்கும். ஃபெர்மா முறையில் (எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதி, a² − b² = (a − b)(a + b) என்று பிரிப்பது) ஆறே முயற்சி.

படி 1: சின்ன எண்களை முதலில் ஒதுக்குங்கள். இலக்கங்களின் கூட்டல் 16, ஆகவே 3 வகுக்காது. 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரே சோதனை: 636 − 001 = 635. இதை மூன்றில் எதுவும் வகுக்காது (7×11×13 = 1001 என்பதால்தான் இது செல்லுபடியாகிறது).

படி 2: வர்க்கமூலம் 797.49. எனவே 798-இலிருந்து ஒவ்வொரு எண்ணையும் வர்க்கமாக்கி, 636001-ஐக் கழிக்க வேண்டும். மிச்சம் முழு வர்க்கமானால் வேலை முடிந்தது.

படி 3: எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. 636001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. இரட்டைப்படை எண்ணை வர்க்கமாக்கிக் கழித்தால் மிச்சத்தை 4-ஆல் வகுக்க மீதி 3 வரும். எந்த வர்க்கத்துக்கும் அப்படி வராது. 3-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால் 3-இன் மடங்குகளும் அவுட். தேறுபவை 799, 803, 805, 809, 811, 815.

படி 4: கழித்தால் 2400, 8808, 12024, 18480, 21720, 28224. வழுக்கும் இடம் முதல் எண்தான். 2400-இன் மூலம் 48.98; 49 என்று முழுமையாக்கிவிட்டால் 799−49 = 750, 799+49 = 848 என்று தப்பான காரணிகள் வரும் (49² = 2401). மூலத்தைத் திரும்ப வர்க்கமாக்கிப் பாருங்கள். 8-இல் முடிவதும், ஒற்றைப் பூஜ்யத்தில் முடிவதும் வர்க்கமே ஆகாது. 12024-உம் 109²-க்கும் 110²-க்கும் இடையில் விழுகிறது. 28224 = 168².

815 − 168 = 647, 815 + 168 = 983. இரண்டும் பகா எண்கள்.

லினக்ஸில் ‘ஃபேக்டர்’ கட்டளை இதை நொடியில் சொல்லும். பழக வேண்டுமென்றால் தாள்தான் என் சிபாரிசு.

இனி மற்றவை எளிது. வகுஎண்கள் நான்கு; அவற்றின் கூடுதல் 648×984 = 637632. 4-ஆல் மீதி 1 வருவதால் இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று நினைக்கத் தோன்றும். முடியாது: 647, 983 இரண்டுமே 4-ஆல் மீதி 3 தருபவை.

பின்சேர்க்கை: செவ்வாய்ப்பேட்டையின் 636002-ஐ இதே முறையில் போட்டால் முடிவே வராது. இரு வர்க்கங்களின் வித்தியாசம் ஒன்று ஒற்றைப்படை, இல்லையேல் 4-இன் மடங்கு. 636002 இரண்டும் இல்லை. 2-ஆல் வகுத்து 318001-இல் தொடங்குங்கள். அம்மாபேட்டையின் 636003-க்கு 9-ஐ முதலில் வெளியே எடுத்துவிட்டு 70667-ஐக் கையில் எடுங்கள்.