பாலில் ஆன்டிபயாடிக் எச்சம்: பாக்டீரியாவையே கருவியாக்கிச் சோதிப்பது எப்படி?

இங்கே கருவி, ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியா. 64 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும். துளியூண்டு பெனிசிலின் பட்டாலும் வளர்ச்சி நின்றுவிடும். இதன் வித்துகளும் (உறங்குநிலைச் செல்கள்) புரோமோகிரசால் பர்ப்பிள் என்ற ஊதாச் சாயமும் கலந்த அகார் கூழ் அடைத்த ஆம்பியூல்கள் (சிறு குப்பிகள்) தயாராகவே கிடைக்கின்றன. பாக்டீரியா வளர்ந்தால் அமிலம் உண்டாகி ஊதா மஞ்சளாகும். எச்சம் இருந்தால் ஊதா மாறாது.

1. முதலில் ஒப்பீட்டுப் பால் இரண்டு வேண்டும். மருந்தே இல்லாத பால் ஒன்று. பெனிசிலின் ஜி சேர்த்தது மற்றொன்று: 10 மில்லிகிராமை 10 மில்லி நீரில் கரையுங்கள். அதில் 1 மில்லியை 100 மில்லியாகவும், அந்தக் கரைசலில் 1 மில்லியை 10 மில்லியாகவும் நீர்த்துப்போகச் செய்யுங்கள். கடைசிக் கரைசலில் 40 மைக்ரோலிட்டரை 10 மில்லி பாலில் விட்டால், மில்லிக்கு 4 நானோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் பாலுக்கு விதித்துள்ள வரம்பும் ஏறக்குறைய இதுவே. பெனிசிலின் கரைசல் சீக்கிரம் சிதையும், அன்றன்றைக்குத் தயாரியுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தத் தூளைத் தொடவே கூடாது.

2. ஆம்பியூலுக்கு 100 மைக்ரோலிட்டர் பால். ஒவ்வொரு மாதிரிக்கும் பைப்பெட் முனையை மாற்றுங்கள்.

3. மூடி, 64 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். சுமார் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள்: மருந்தில்லாத பால் முழுதாக மஞ்சளான அந்த நேரத்தில்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். முந்தினால் நல்ல பாலும் ஊதாவாகத் தெரியும். பிந்தினால் எச்சமுள்ள பாலும் மெல்ல மஞ்சளாகிவிடும்.

எல்லாமே ஊதாவாக நின்றால் தொட்டியின் வெப்பநிலையைச் சரிபாருங்கள். மடிநோய் கண்ட பசுவின் பாலிலும் சீம்பாலிலும் லைசோசைம், லாக்டோஃபெரின் என்ற இயற்கைப் புரதங்கள் மிகுதி. மருந்தே இல்லாமல் அவையும் பாக்டீரியாவைத் தடுக்கும். சந்தேகம் வந்தால் பாலை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, ஆறவைத்துத் திரும்பச் சோதியுங்கள். புளித்த பாலை எடுக்கவே வேண்டாம், அதன் அமிலமே சாயத்தை மஞ்சளாக்கி எச்சத்தை மறைத்துவிடும்.

ஊதா வந்த மாதிரியில், பெனிசிலினைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் நொதியைச் சேர்த்துத் திரும்பச் சோதியுங்கள். இப்போது மஞ்சளானால் பெனிசிலின் வகைதான். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் முறை) போன்ற ஆய்வகச் சோதனைதான் சொல்லும்.

டெட்ராசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு இந்தப் பாக்டீரியா அவ்வளவு கூர்மையில்லை. அதற்கு மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியா உண்டு: மருந்து உள்ளே நுழைந்ததும் டெட்ஆர் என்ற தடைப்புரதம் விலகி, லக்ஸ் மரபணுக்கள் ஒளியை உமிழும். பாலில் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துவைத்துக்கொள்வதால், கால்சியத்தைப் பிணைக்கும் சிட்ரேட் அல்லது ஈடிடிஏ சேர்த்தால்தான் ஒளி நன்றாகத் தெரியும்.