பாட்டு உரிமையை விற்கும் முன்: மூத்த இசைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 டிசம்பரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தான் எழுதிய அறுநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளின் உரிமையை யுனிவர்சல் இசை நிறுவனத்துக்கு விற்றார். அப்போது அவருக்கு வயது 79. மறுவருடம் டிசம்பரில் இன்னொரு அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் 72 வயதில் பாட்டுகளையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்தே சோனிக்குக் கொடுத்தார். விலை சுமார் 50 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன.

இந்தச் செய்திகளைக் கேட்டதிலிருந்து வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்து இசைக்காரர்கள் சிலர் "நம்ம பாட்டையும் இப்படி விக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேசட் காலத்தில் அம்மன் பாட்டும் முருகன் பாட்டும் எழுதி மெட்டுப் போட்டவர்கள் பழைய வடஆற்காடு மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும், வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும் கடைக்குக் கடை ஒலித்த பாட்டுகள் அவை. எழுதியவர்களில் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயது. "மொத்தமா ஒரு தொகை தர்றோம், கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

பெரிய ஆட்கள் விற்கிறார்கள், நாமும் விற்கலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. அவர்கள் விற்றதற்கான காரணங்களை எடுத்துப் பார்த்தால் பாதி நமக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் 2006-இல் இருந்து, பாட்டை எழுதியவரே விற்றாலும் அந்தப் பணம் மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது சொத்து விற்ற லாபமாக, வரும். வருடா வருடம் வரும் ராயல்டிக்கு (பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் தரும் பங்குத் தொகைக்கு) உச்சபட்சம் 37 சதவீதம் வரை வரி போகிற இடத்தில், விற்ற தொகைக்கு 20 சதவீதத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த வரி கூடப்போகிறது என்ற பேச்சு 2021-இல் பலமாக இருந்ததும் பலரை அவசரப்படுத்தியது. இறந்த பிறகு சொத்தின் மீது விழும் வரியும் அங்கே உண்டு. நம் நாட்டில் அந்த எஸ்டேட் வரி 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் வரிக்குப் பயந்து விற்க வேண்டிய கட்டாயம் இங்கே அந்த வடிவில் இல்லை.

பொருந்துகிற காரணங்களும் இருக்கின்றன. கொரோனாவில் மேடைக் கச்சேரி நின்றுபோனபோது அமெரிக்கப் பாடகர் டேவிட் கிராஸ்பி வெளிப்படையாகவே சொன்னார்: கச்சேரி இல்லை, ஸ்ட்ரீமிங் வந்ததும் ரெக்கார்டு வருமானம் போய்விட்டது, குடும்பமும் வீட்டுக்கடனும் இருக்கிறது, எனக்கு வேறு வழியில்லை என்று. அந்த நிலைமையை இங்கே நம் பம்பைக்காரரும் லைட் மியூசிக் கீபோர்டுக்காரரும் அப்படியே அனுபவித்தார்கள். எழுபது வயதுக்காரருக்கு இனி இருபது வருடம் சொட்டுச் சொட்டாக வரப்போகிற பணத்தைவிட, இப்போது கையில் வரும் தொகை உபயோகமானது. முழங்கால் ஆபரேஷனுக்கும் பேத்தி படிப்புக்கும் பணம் இன்றைக்குத்தான் வேண்டும். அதற்காக விற்பதில் எந்தக் குறையும் இல்லை. எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்பதில்தான் சிக்கல்.

நான் பார்த்தவரை அதிக நஷ்டம் தருகிற தவறு இதுதான். ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. பாட்டு வரிகளை எழுதியவருக்கு அந்த வரிகளின் மீதும், மெட்டுப் போட்டவருக்கு மெட்டின் மீதும் பதிப்புரிமை உண்டு. காசு போட்டு ஸ்டூடியோவில் பதிவு செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவின் மீது மட்டும் உரிமை. பாடியவருக்குப் பாட்டின் மீது பதிப்புரிமை கிடையாது. ஆனால் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வணிகப் பயன்பாட்டில் அவருக்கும் ராயல்டி கேட்க இடம் உண்டு. வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் குரலில் ஒரு பாட்டைக் கேட்கும்போது, அந்த ஒரே பாட்டுக்குப் பின்னால் இத்தனை பேருடைய பங்கு தனித்தனியாக ஓடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டிலன் விஷயத்திலும் அதேதான் நடந்தது. 2020-இல் யுனிவர்சலுக்குப் போனது எழுதிய பாட்டு. ஒலிப்பதிவுகளை அவர் தனியாக சோனிக்கு விற்றார், அந்தச் செய்தி 2022 ஜனவரியில் வந்தது.

நம் ஊரில் இந்த வித்தியாசம் தெரியாததால் என்ன ஆகிறது என்பதற்கு, என் கைக்கு வந்த ஒரு பழைய ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். 1998-ஆம் வருடம், இருபது ரூபாய் முத்திரைத்தாள், டைப் அடித்த ஒன்றரைப் பக்கம். பத்து அம்மன் பாட்டுக்கு எட்டாயிரம் ரூபாய். "மேற்படி பாடல்களை ஒலிநாடாவாக வெளியிட்டு விற்பனை செய்யும் உரிமையை" கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. எந்த நாட்டுக்கு என்று இல்லை. கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்து. எழுதிய பெரியவர் அன்றைக்கே பாட்டு தன்னைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்து, அந்தப் பாட்டுகளை மேடையில் பாடக்கூடத் தயங்கியிருக்கிறார்.

சட்டம் சொல்வது வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான் கணக்கு. இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் அந்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவே இல்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அது காலாவதி. 1995 மே மாதத்துக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தும். அப்படிப் பார்த்தால் அந்தப் பெரியவரின் வரியும் மெட்டும் 2003-லேயே அவரிடம் திரும்பி வந்துவிட்டன. கம்பெனி பதிவு செய்த அந்த ஒலிப்பதிவு கம்பெனியுடையதுதான், அதை அவர் எடுத்து யூடியூபில் ஏற்ற முடியாது. ஆனால் அதே பாட்டை வேறு ஆள் வைத்துப் புதிதாகப் பதிவு செய்ய அவருக்குத் தடை இல்லை. இது தெரியாத ஒருவரிடம் இன்று யாராவது வந்து "பழைய பாட்டெல்லாம் எப்படியும் உங்ககிட்ட இல்ல, ஒரு என்ஓசி மட்டும் குடுங்க" என்று ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் கேட்டால், அவர் இருக்கிற உரிமையை இல்லாததாக நினைத்துக் கொடுத்துவிடுவார். அதனால் புதுக் கையெழுத்துக்கு முன்னால் பழைய தாள்களைத் தேடி எடுங்கள். பரணில், டிரங்குப் பெட்டியில், எல்ஐசி பாண்டோடு சேர்ந்து கிடக்கும். சினிமாவுக்குச் செய்த வேலை என்றால் கதை மாறும், தயாரிப்பாளர் பக்கம் சட்டத்துக்குச் சாய்வு அதிகம். அதற்கு வக்கீலிடம் போவதுதான் சரி.

புது ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற வரி வந்தால் அங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். நிலத்தில் குத்தகைக்கும் கிரயத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு இங்கேயும் உண்டு. ஐந்து வருடம், பத்து வருடம் என்று உரிமம் மட்டும் கொடுக்கலாம். பாதியை மட்டும் விற்கலாம். பாடகர் நீல் யங் 2021 ஜனவரியில் தன் பாட்டுகளில் பாதிப் பங்கைத்தான் விற்றார்.

அப்புறம், ராயல்டிப் பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதித் தரச் சொல்வார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரியவர் தன் சமபங்கு ராயல்டியை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றித் தரலாம். இதற்கு மாறாகப் போடும் ஒப்பந்தம் செல்லாது. அமெரிக்கப் பாணியில் அடியோடு விற்பது இந்தியாவில் ஒரு பாட்டாசிரியரால் முழுசாக முடியாத காரியம் என்பதற்கு இதுதான் காரணம். இந்திப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் வருடக்கணக்கில் வாதாடி வாங்கிய பாதுகாப்பு இது. ஆனால் பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தால்தான் இந்தப் பணம் நடைமுறையில் கைக்கு வரும். பதிவே செய்யாமல், பாட்டு எப்எம்மில் ஓடியும் எனக்கு ஒன்றும் வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெயர் போடும் உரிமையும் அப்படித்தான். பாட்டை விற்ற பிறகும் எழுதியவர் இவர்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி உங்களோடுதான் இருக்கும்.

விலை விஷயத்துக்கு வருவோம். வருட வருமானம் தெரியாமல் பேரம் பேசக்கூடாது. உலகச் சந்தையில் ஒரு தொகுப்பின் விலையைச் சராசரி ஆண்டு நிகர வருமானத்தின் இத்தனை மடங்கு என்றுதான் பேசுவார்கள். 2020, 2021 வாக்கில் 15, 20 மடங்கு சாதாரணமாகப் பேசப்பட்டது, பெரிய பெயர்களுக்கு அதற்கும் மேலே போனது. வட்டி விகிதம் அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருந்ததால் பணம் பாட்டைத் தேடி ஓடியது. 2022-இல் வட்டி ஏறியதும் சூடு தணிந்தது. லண்டன் பங்குச்சந்தையில் இருந்த ஹிப்னோசிஸ் என்ற பாட்டு முதலீட்டு நிறுவனத்தின் பங்கு விலை சரிந்து, 2024-இல் அதை பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. வங்கி டெபாசிட்டிலேயே ஆறு, ஏழு சதவீதம் வரும் நம் ஊரில் அந்த 20 மடங்கை எதிர்பார்க்க முடியாது. ஆனால் உங்கள் பாட்டுகள் வருடத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய் கொண்டுவருகின்றன என்று கணக்கு கையில் இருந்தால், ஒரு லட்சம் தருகிறேன் என்பவர் இரண்டரை வருட வருமானத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பது உடனே தெரியும். குறைந்தது மூன்று வருடத்துக் கணக்கைச் சேர்த்து வையுங்கள்.

பக்திப் பாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உண்மையான சமயச் சடங்கின்போது பாட்டை ஒலிக்கவிடுவது உரிமை மீறல் ஆகாது என்று சட்டமே விலக்குக் கொடுக்கிறது. கோயிலில் தினமும் ஒலிப்பதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தலைமுறை தலைமுறையாகப் பாடி வருவதைத் தன் பெயரில் விற்பதும் தவறு. செய்யாறு பக்கத்தில் புரிசை போன்ற ஊர்களில் தெருக்கூத்து மேடையில் வழிவழியாக வரும் பாட்டுகள் எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை. நீங்கள் புதிதாகக் கட்டிய வரிகளும் மெட்டும் மட்டும்தான் உங்களுடையவை. கலந்து விற்றுவிட்டுப் பின்னால் வழக்கு வந்தால், "இவை என் சொந்தப் படைப்பு" என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக வாரிசு விஷயம். எழுதியவர் இறந்த பிறகும் அறுபது வருடம் பாட்டின் பதிப்புரிமை உயிரோடு இருக்கும். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவர் சொத்தைப் பிரித்து முடிக்க ஆறு வருடம் ஆனது. நம் வீடுகளில் மனைக்கும் நகைக்கும் உயில் எழுதுகிறவர்கள்கூடப் பாட்டை அதில் சேர்ப்பதில்லை. அப்பா போன பிறகு தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம்தான். ஆனால் எந்தப் பாட்டு, எந்த வருடம், யார் பாடியது, எந்தக் கம்பெனி என்று பிள்ளைகளுக்கே தெரியாவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது? ஒரு நோட்டில் பாட்டின் முதல் வரி, எழுதிய வருடம், மெட்டு யாருடையது, எந்த ஸ்டூடியோ, யாரிடம் ஒப்பந்தம் என்று வரிசையாக எழுதி, ஒப்பந்த நகல்களை அதோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். விற்பது என்று முடிவெடுத்தாலும் முதலில் கேட்கப்படுவது இந்தப் பட்டியல்தான். வாங்க வருகிறவர் கொண்டுவரும் பட்டியலை இதோடு ஒப்பிட்டு, அதில் கூடுதலாக ஏதாவது பாட்டு நுழைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.