கடற்கரை ஊரில் சி.பி.ஆர். கற்றுக்கொடுக்க

சி.பி.ஆர். என்பது மூச்சும் இதயத்துடிப்பும் நின்றவரின் நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சு கொடுக்கும் முதலுதவி. குளச்சல், முட்டம் பக்கம் இதற்கு வகுப்பெடுத்தால், விளக்கவுரையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எல்லாரையும் முட்டிபோட வையுங்கள். நாலு பேருக்கு ஒரு பயிற்சிப் பொம்மையாவது வேண்டும். ஆளுக்கு 2 நிமிடம் விடாமல் அழுத்தட்டும்: நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120. பலரும் முழங்கையை மடக்குவார்கள். அதைவிடக் கெடுதல், நெஞ்சு முழுதாக எழும்பும் முன்பே அடுத்த அழுத்தம். இதயத்தில் ரத்தம் நிரம்பாது.

கடலில் மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கத்தை அங்கேயே ஒழியுங்கள். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முதலில் 2 வாய்வழி மூச்சு, பிறகு 30 அழுத்தம், மறுபடி 2. இளகிய மணலில் உடல் புதையும். இறுகிய ஈர மணலுக்கு இழுத்து வரச் சொல்லுங்கள். இதயம் நின்றவரிடம் விட்டுவிட்டு வரும் திணறலைச் சரியான மூச்சென்று நம்பி ஏமாறுவார்கள், நடித்தே காட்டுங்கள். 108-ஐ அழைக்க ஒருவரைப் பெயர் சொல்லி ஏவவும் பழக்குங்கள்.