மாசி இல்லாத சம்பல்

முதல் தடவை மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். பதினோராம் நாள் காலிமுகத்திடலில் இறால் வடைக்காரருக்கு முன்னால் நின்றேன். அவ்வளவுதான்.

பிறகுதான் பிழை விளங்கியது. மீனை எடுத்தேன், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. பாணும் உருளைக்கிழங்கும் வெள்ளைச் சோறும் தின்றால் பின்னேரம் நாலு மணிக்கே பசிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாம் முறை காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றினேன்: அவித்த கௌப்பி, இல்லாவிட்டால் பயறு, தேங்காய்ப்பூவோடு. சம்பல்தான் பெரிய சண்டை, அதற்கு மாசிக் கருவாடு இடித்துப் போடுவார்கள். "மாசி போடாமல் என்ன சம்பல்?" என்றார் அம்மா. கடைசியில் செத்தல் மிளகாயை வறுத்து, சின்ன வெங்காயம் கூடப் போட்டு இடித்துத் தந்தார். இப்போது அவரும் அதைத்தான் சாப்பிடுகிறார், ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு மாதம் கழித்து மதியச் சாப்பாடு. வெள்ளவத்தைச் சந்தையில் பிஞ்சுப் பலா வாங்கிக் கறி வைத்தேன். வாயில் இறைச்சி மாதிரியே இருக்கும், ஆனால் புரதம் குறைவு. அதனால் பக்கத்தில் பருப்போ கடலையோ கட்டாயம். கீரைக்குத் தேசிக்காய் பிழிவேன், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதை விட்டேன், தேநீர் அதைத் தடுக்கும்.

விட்டமின் பி12 மட்டும் மரக்கறியில் நம்பும்படி கிடைக்காது. டொக்டரிடம் கேட்டுக் குளிசை எடுக்கிறேன்.

பால்தேநீரைக் கடைசியாகத்தான் விட்டேன். ஞாயிறு காலையில் இன்னும் நாக்கு தேடுகிறது.