நூற்புழு பார்க்க மண் எடுக்கிறீர்களா? மண்ணைக் காயப்போடாதீர்கள்

நூற்புழு என்பது மண்ணில் இருந்து பயிரின் வேரைத் தாக்குகிற, கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. உரச்சத்து பார்க்க மண் எடுத்தால் நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்துக் கொண்டுபோவோம். களக்காட்டுப் பக்கம் எங்கள் ஏத்தன் வாழைத் தோட்டத்து மண்ணையும் முதல் தடவை அப்படித்தான் உலர்த்திக் கொடுத்தேன். புழு இல்லை என்று முடிவு வந்தது. அடுத்து அடித்த காற்றில் குலை தள்ளின வாழைகள் வேரோடு சாய்ந்தன. காய்ந்த மண்ணை ஆய்வகத்தில் தண்ணீரில் வைத்தாலும் புழு நீந்தி வெளியே வராது, வராததை எண்ணவும் முடியாது. புழு உயிரோடு போய்ச் சேர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் இடம். செத்த வாழையின் அடியில் தோண்டாதீர்கள். வேர் அழுகினதும் புழு அடுத்த வேரைத் தேடிப் போயிருக்கும். மஞ்சளித்து, இளைத்து, இன்னும் உயிரோடு நிற்கிற வாழை மூட்டில் எடுங்கள். மண் பிடித்தால் உருள வேண்டும், கையில் சேறாக ஒட்டக் கூடாது.

தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மேல்மண்ணை இரண்டு விரல் கனத்துக்கு ஒதுக்கிவிட்டு, மம்பட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டுங்கள். தோட்டத்தில் குறுக்கும் மறுக்குமாக நடந்து 10 முதல் 20 இடத்தில் எடுத்து, வாளியில் மெதுவாகக் கலந்து, அதில் கால் கிலோ போதும். கூடவே ஒரு கைப்பிடி சல்லிவேர். நன்றாக நிற்கிற பகுதியிலும் இதேபோல் எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். ஒப்பிட்டால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு.

பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். முந்தின பயிர் என்ன என்பதையும் அதில் குறியுங்கள். பைக் டேங்க்மேல் வெயிலில் வைத்தால் புழு வெந்துவிடும். ஈரச்சாக்கில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோங்கள். வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் மண்ணைப் பார்த்துச் சொல்வார்களா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவுக்கென்றே தனித் துறை உண்டு.

முடிவு வரும்வரை வீட்டிலும் பார்க்கலாம். வாழை வேரைக் கழுவி நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே செம்பழுப்பாகவோ கறுத்தோ திட்டு இருந்தால் வேரைத் துளைத்து உள்ளே போகிற துளைப்பான் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம். அது கன்றோடும் வரும் என்பதால், நடுமுன் கிழங்கைச் சீவிக் கறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உளுந்து போட்டவர்கள் வேரில் முடிச்சைப் பார்த்துக் குழம்பிவிடுவார்கள். தழைச்சத்து தருகிற வேர்முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. புழு உண்டாக்கிய முடிச்சு வேரே வீங்கியது, தேய்த்தால் வராது. நல்ல வேர்முண்டைப் புழுவென்று நினைத்து மருந்து வாங்கிவிடாதீர்கள்.

பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னொன்றும் செய்யலாம். சல்லடையில் டிஷ்யூ தாள் விரித்து, மண்ணை மெல்லப் பரப்பி, அடிப்பக்கம் தண்ணீர் தொடும்படி தட்டின்மேல் 24 மணி நேரம் வையுங்கள். புழுக்கள் தாளைத் தாண்டித் தண்ணீரில் இறங்கும். நெளிவதெல்லாம் பயிர்ப்புழு இல்லை. பயிரைத் தின்கிற புழுவுக்கு வாயில் ஊசிபோல் ஒன்று இருக்கும்.

பாவூர்ச்சத்திரம் பக்கத்துக் காய்கறிக்காரர்களுக்கு அதைவிட எளிது. சந்தேகப்படுகிற மண்ணைத் தொட்டியில் நிரப்பித் தக்காளி நாற்று நட்டு, 45 நாள் கழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேர்முடிச்சுப் புழு ஒன்றைத்தான் இது காட்டும். முடிச்சு கண்டால் அந்த வயலில் அடுத்த பட்டத்துக்குக் கத்தரி, தக்காளி வேண்டாம்.